நொத்தாரிசு அலுவலக லிகிதர் பணியிலிருந்து அமெரிக்க எஸ்க்ரோ பணிக்கு மாறலாமா?

நீலக்குறிஞ்சி (ஹற்றன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹற்றனில் சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசுமான ஒருவரின் அலுவலகத்தில் சில ஆண்டுகளாக லிகிதராகப் பணியாற்றி வருகிறேன். உறுதிகளை, அதாவது காணி ஆவணங்களைத் தட்டச்சு செய்வது, நுவரெலியாவிலுள்ள காணிப் பதிவகத்துக்குச் சென்று முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடுவது, முத்திரைத் தீர்வையைக் கணக்கிட்டுச் செலுத்துவது, ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதிக்கு முன்னர் முந்திய மாதத்து உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைப் பட்டியலோடு பதிவகத்துக்கு அனுப்புவது என்பனவே என் அன்றாட வேலைகள். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பம் தன் பெயரில் முதன்முதலாக ஒரு துண்டுக் காணியை எழுதிக்கொள்ளும் நாளில் அந்த அறையில் இருப்பதை நான் ஒருபோதும் சாதாரண விடயமாக எண்ணியதில்லை.

அண்மையில் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. அமெரிக்காவில் வீடு, காணி விற்பனைகளை முடித்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இங்கிருந்தபடியே ஆவண வேலைகளைச் செய்து கொடுப்பவர்கள் அவர்கள். பதவியின் பெயர் எஸ்க்ரோ உதவியாளர். எஸ்க்ரோ என்றால், விற்பனை முடியும் வரை இரு தரப்பையும் சேராத ஒருவர் பணத்தையும் ஆவணங்களையும் வைத்திருந்து, நிபந்தனைகள் நிறைவேறியதும் உரியவர்களிடம் கொடுக்கும் முறை. சம்பளம் இப்போது நான் பெறுவதைவிடக் கணிசமாகக் கூடுதல்; வேலை நேரம் இரவு.

உங்கள் அலுவலகத்தில் மிகச் சிக்கலான கொடுக்கல் வாங்கல் எது என்று நேர்முகத்தில் கேட்டார்கள். ஒரு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கும் வீட்டை, இன்னொரு வங்கியில் கடன் எடுத்து வேறொருவர் வாங்கும் சந்தர்ப்பத்தை நான் விவரித்தேன். விற்பவரின் வங்கியில், உள்ளேயுள்ள ஒரு மேசையைச் சுற்றி விற்பவர், வாங்குபவர், இரண்டு வங்கிகளின் அலுவலர்கள், எங்கள் நொத்தாரிசு ஐயா, சாட்சிகள் என எல்லோரும் அமர்ந்திருப்பார்கள். முதலில் பழைய ஈட்டை விடுவிக்கும் உறுதி, அடுத்து அறுதி விற்பனை உறுதி, அதன் பின்னர் புதிய வங்கிக்கான ஈட்டு உறுதி என்ற வரிசை மாறாமல் ஒப்பங்கள் இடப்பட வேண்டும். புதிய வங்கியின் காசோலை எந்தக் கணத்தில் கைமாறுகிறது என்பதிலேயே எல்லோருடைய கண்ணும் இருக்கும். இதைக் கேட்டதும், "எஸ்க்ரோ அலுவலர் செய்வதும் இதுதான்" என்று நேர்முகம் நடத்தியவர் கூறினார்.

அந்தக் கூற்று எந்த அளவுக்குச் சரியானது என்பதை இத்துறையில் இருப்பவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன். இரு தரப்பையும் சேராத ஒருவரிடம் முழுப் பணத்தையும் ஒப்படைத்துவிட்டு மக்கள் எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள்? அவரை யார் கண்காணிக்கிறார்கள்? பதிவகத்தில் நான் பெற்ற அனுபவம் அங்கே பயன்படுமா, அல்லது கணினியில் விபரங்களை நிரப்பும் வேலையாகவே அது முடிந்துவிடுமா? சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றி, என்றாவது ஒருநாள் நானே நொத்தாரிசாக வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு உண்டு. அந்தப் பாதையிலிருந்து இந்த வேலை என்னை விலக்கிவிடுமோ என்பதே எனக்குள்ள பெரிய தயக்கம்.


மகாவலிக்கரை (கண்டி) எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிடுவதைப் போன்ற ஒரு நிறுவனத்தில்தான் நான் பணிபுரிகிறேன். ஆகவே, நாற்காலியில் அமர்ந்தபின் உங்கள் முன்னால் என்ன வரும் என்பதை மட்டும் சொல்கிறேன்; துறையைப் பற்றிய பெரிய விளக்கங்களை அங்கேயே வேலை செய்பவர்கள் எழுதுவார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இங்கிருந்து வேலை செய்யும் நாம் எஸ்க்ரோ அலுவலர்கள் அல்லர். பணத்தை வெளியே அனுப்பும் அதிகாரமும் இறுதி ஒப்பமும் அமெரிக்காவில் இருக்கும் அலுவலரிடமே இருக்கும். அவருடைய கோப்பு பழுதில்லாமல் முடிவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாம் தயார் செய்கிறோம். விற்பவரின் பழைய கடனை அடைக்க எவ்வளவு செலுத்த வேண்டும் என்ற கடிதத்தை அவருடைய வங்கியிடம் கேட்டுப் பெறுவது, அதில் நாளொன்றுக்கு ஏறும் வட்டி எவ்வளவு என்பதையும் அந்தக் கடிதம் எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்பதையும் குறித்து வைப்பது, காணி வரி செலுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, இரு தரப்புக்குமான கணக்குக் கூற்றின் வரைவைத் தயாரிப்பது, பதிவுக்குப் போன உறுதி பதிவாகிவிட்டதா என்று தொடர்ந்து கவனிப்பது ஆகியவற்றிலேயே இரவின் பெரும்பகுதி கழியும்.

கணக்கின் தன்மை விளங்குவதற்காக ஓர் உதாரணம் தருகிறேன். கலிபோர்னியாவில் காணி வரி ஆண்டு ஜூலை 1ஆம் திகதி தொடங்குகிறது. முதல் தவணையை நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து செலுத்தலாம். டிசம்பர் 10ஆம் திகதி தாண்டினால் தண்டம் விழும். ஒரு வீட்டுக்கு ஆண்டு வரி 7,200 டொலர் என்றும் விற்பனை ஒக்டோபர் 15ஆம் திகதி முடிகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவணை இன்னும் செலுத்தப்படவில்லை. அதை வாங்குபவர்தான் பின்னர் செலுத்தப் போகிறார். ஆனால் ஜூலை முதலாம் திகதியிலிருந்து ஒக்டோபர் 14 வரை அந்த வீட்டுக்கு உரிமையாளராக இருந்தவர் விற்பவர். மாதத்துக்கு 30 நாள் என்ற வழக்கப்படி கணக்கிட்டால் 104 நாட்கள். நாளுக்கு 20 டொலர். ஆக 2,080 டொலரை விற்பவரின் பணத்திலிருந்து கழித்து வாங்குபவரின் பக்கத்தில் வரவு வைக்க வேண்டும். விற்பனை இரண்டு நாள் தள்ளிப் போனால் இந்தத் தொகை மாறும். அதோடு கடன் வட்டியும் காப்புறுதியும் மாறும். மாறிய கணக்கை மீண்டும் இரு தரப்பும் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சதம் கூடக் குறைய வந்தாலும் கோப்பு மூடப்படாது.

முத்திரைத் தீர்வையை முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்று கணக்கிட்டுப் பழகிய உங்களுக்கு இந்தக் கணக்குகள் பெரிய சிரமமாக இரா. பழகுவதற்குச் சற்றுக் கடினமாக இருக்கப் போவது வேறொரு விடயம். நம் ஊரில் விற்பனை நல்லபடி முடிந்தால் தரகர் மகிழ்ச்சியோடு லிகிதரின் கையில் ஏதாவது வைப்பதை யாரும் தவறாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வீட்டுக் கடனோடு தொடர்புடைய விற்பனைகளில், வாடிக்கையாளரை அனுப்பியமைக்காகத் தரகரும் இத்தகைய நிறுவனங்களும் ஒருவருக்கொருவர் பணமோ பெறுமதியான பொருளோ கொடுப்பதை 1974ஆம் ஆண்டின் சட்டமொன்று தடை செய்கிறது. பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதை உங்களுக்கு அழுத்தமாகச் சொல்வார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் காலை 9 மணி ஆகும்போது இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. மாத இறுதி நாட்களில் விற்பனைகள் குவியும். அந்த நாட்களில் விடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் போகலாம். வாடிக்கையாளரின் வங்கி விபரங்கள் கோப்பில் இருப்பதால், பல இடங்களில் கைத்தொலைபேசியையும் வெற்றுத் தாளையும்கூட வேலைத்தளத்துக்குள் கொண்டு செல்ல விடமாட்டார்கள். ஹற்றனில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று எவரேனும் வாய்மொழியாகச் சொன்னால், அதை நியமனக் கடிதத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.


தேயிலைச்சரிவு (சக்ரமெந்தோ, கலிபோர்னியா) எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் பொகவந்தலாவைப் பக்கம் பிறந்தவள். இப்போது கலிபோர்னியாவில் எஸ்க்ரோ அலுவலராகப் பணியாற்றுகிறேன். "இதுதான் அது" என்று உங்களிடம் கூறியவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். வரிசை முக்கியம் என்பதில் இரண்டும் ஒன்றே. ஆனால் உங்கள் மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடம் வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. ஒருவர் வேறு மாநிலத்தில் இருப்பார். அவர்களுடைய கண்கள் செய்யும் வேலையை எங்கள் கோப்பு செய்ய வேண்டும்.

விற்பனை உடன்படிக்கை ஒப்பமானதும் வாங்குபவரின் முற்பணம், வாடிக்கையாளர் பணத்தை மட்டும் வைக்கும் எங்கள் நம்பிக்கைக் கணக்கில் வந்து சேரும். அதன்பின் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்துமூல அறிவுறுத்தல்களே எனக்கு எசமான். அவற்றில் சொல்லப்பட்டது நிறைவேறும் வரை ஒரு டொலரைக்கூட எவருக்கும் நகர்த்த முடியாது. விற்பனை முறிந்து, முற்பணம் எனக்குத்தான் என்று இருவரும் உரிமை கோரினால், யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தீர்மானிப்பது என் வேலை அன்று. இருவரும் சேர்ந்து ஒப்பமிட்டுத் தரும் வரையோ நீதிமன்றம் கட்டளையிடும் வரையோ பணம் இருந்த இடத்திலேயே இருக்கும். விற்பவர் தொலைபேசியில் அழுது கேட்பார். வாங்குபவரின் தரகர் கோபமாகப் பேசுவார். இருவரிடமும் ஒரே குரலில், ஒரே செய்தியைச் சொல்லும் மனவுறுதி இந்த வேலைக்கு வேண்டும்.

காணியின் உரிமையைத் தேடிப் பார்த்து, அதிலுள்ள ஈடுகளையும் வரி நிலுவைகளையும் பிறர் உரிமைகளையும் பட்டியலிட்ட ஒரு முன்னறிக்கையை உரிமைக் காப்புறுதி நிறுவனம் (காணி உரிமையில் பின்னர் குறை தெரிந்தால் இழப்பை ஈடு செய்யும் நிறுவனம்) தரும். நீங்கள் பதிவகத்தில் புரட்டிப் பார்க்கும் பக்கங்களின் சாரம் அதுதான். கடன் தரும் நிறுவனத்தின் ஆவணங்கள் வந்ததும், வாங்குபவர் அவற்றில் ஒப்பமிடுவார். இறுதிச் செலவுகளைக் காட்டும் வெளிப்படுத்தல் கூற்றை, கடன் ஒப்பந்தம் முடிவாவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்னரே வாங்குபவர் கையில் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் பணமும் வாங்குபவரின் மிகுதிப் பணமும் எங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்த பின்னர்தான் உறுதி மாவட்டப் பதிவாளரிடம் போகும். பதிவாகிவிட்டது என்ற செய்தி வந்த பிறகே பழைய ஈட்டை அடைத்து, தரகர்களின் பங்கைக் கொடுத்து, எஞ்சியதை விற்பவருக்கு அனுப்புவேன். பதிவுக்கு முன்னர் பணம் விற்பவரிடம் போகாது, பணம் முழுவதும் வந்து சேராமல் உறுதி பதிவுக்குப் போகாது என்ற இந்த ஒழுங்குக்காகத்தான் மக்கள் எங்களைத் தேடி வருகிறார்கள்.

கண்காணிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸில் எஸ்க்ரோ அலுவலர் ஒவ்வொருவருக்கும் உரிமம் தேவை. கலிபோர்னியாவில் தனித்து இயங்கும் எஸ்க்ரோ நிறுவனத்துக்கு மாநிலத்தின் நிதிப் பாதுகாப்புத் திணைக்களம் உரிமம் வழங்குகிறது. அத்தகைய நிறுவனத்தின் ஒவ்வோர் அலுவலகத்திலும் பொறுப்பான பதவியில் குறைந்தது ஐந்தாண்டு எஸ்க்ரோ அனுபவமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். நியூயோர்க் போன்ற கிழக்குப் பகுதி மாநிலங்கள் பலவற்றில் இந்த வேலையைச் சட்டத்தரணிகளே செய்கிறார்கள். அந்த நடைமுறை உங்கள் அலுவலகத்துக்குச் சற்று நெருக்கமானது. எங்கே இருந்தாலும் வங்கிக் கூற்று, எங்கள் பேரேடு, ஒவ்வொரு கோப்பின் மீதி ஆகிய மூன்றும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். ஒரு கோப்பின் பணத்தை இன்னொரு கோப்புக்கு ஒரு மணி நேரத்துக்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

இந்தக் காலத்தில் இத்துறையின் மிகப் பெரிய ஆபத்து மின்னஞ்சலில் வருகிறது. விற்பனை முடிவதற்கு முதல் நாள், விற்பவரின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் வரும். எழுத்து நடை அவருடையதைப் போலவே இருக்கும். கோப்பு இலக்கமும் சரியாக இருக்கும். "என் கணக்கில் தணிக்கை நடக்கிறது, ஆகவே பணத்தை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று எழுதியிருப்பார்கள். அனுப்புநரின் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். சில வேளைகளில் அதுகூட மாறியிருக்காது. அவருடைய அஞ்சல் பெட்டிக்குள்ளேயே திருடன் புகுந்திருப்பான். அந்த மின்னஞ்சலிலுள்ள தொலைபேசி எண்ணை அழைக்கக் கூடாது. கோப்பைத் திறந்த முதல் நாளில் அவர் நேரில் தந்த எண்ணையே அழைத்து, கணக்கு இலக்கத்தை அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். அனுப்பிய பணம் சில மணி நேரத்துக்குள் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அப்படிப் போனதைக் கண்ட எவரும் இந்த அழைப்பைச் சடங்காக நினைக்க மாட்டார்கள். இலங்கையிலிருந்து உதவி செய்பவர்களில் கூர்மையான கண் உள்ளவர்களே இத்தகைய மின்னஞ்சலை முதலில் பிடிக்கிறார்கள் என்பதால் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையகத்திலிருந்து வருபவருக்கு இதில் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் "ராமசாமி" என்றும், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்பின் வழியாக வேறொரு வடிவத்திலும், தோட்டத்துப் பதிவேட்டில் துரை எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒரே மனிதர் மூன்று பேராகத் தோன்றுவதை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். இங்கேயும் ஒரே பெயருடையவர்கள் பலர் இருப்பதால், நீதிமன்றத் தீர்ப்பின் கடன் உண்மையில் யாருக்கு உரியது என்று பிரித்தறிய ஒவ்வொருவரிடமும் முன்னைய முகவரி, தொழில், திருமண விபரங்களைக் கேட்டுப் பெறுகிறோம். தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்திருக்கும் நம்மவர்கள் அமெரிக்காவில் வீடு வாங்கும்போது, உறுதியில் ஒரு வரிசையிலும் கடவுச்சீட்டில் மறு வரிசையிலும் பெயர் வந்து விற்பனை தாமதமாவதை அடிக்கடி காண்கிறேன். முப்பது ஆண்டுப் பதிவில் அந்த வேறுபாட்டைக் கண்டு ஒரு கணம் நிற்கும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

நீங்கள் விட்டுவிட வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. ஹற்றனில் ஒருவர் வந்து, "தங்கச்சி, இதில் கையெழுத்து வைக்கலாமா?" என்று கேட்டால் அக்கறையோடு பதில் சொல்வீர்கள். இங்கே எஸ்க்ரோ அலுவலர் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. ஆவணம் என்ன என்பதைச் சொல்லலாம். ஒப்பமிடுவது நல்லதா என்பதைச் சொல்லக் கூடாது. எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான். மனத்தில் இருப்பதை அடக்கிக்கொண்டு, "உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.


ஊவா நொத்தாரிசு (பதுளை) எழுதியது:

மகளுக்கு வாழ்த்துகள். மேலே எழுதிய இருவரும் அமெரிக்க நடைமுறையை நன்றாக விளக்கிவிட்டார்கள். நீண்ட காலம் பதுளையில் நொத்தாரிசாக இருப்பவன் என்ற முறையில், பணத்தை இடையில் வைத்துக் காப்பவரின் இடம் நம் நாட்டில் எப்படி வெறுமையாக இருக்கிறது என்பதையும், உங்களைப் போன்றவர்கள் அந்த வெறுமையில் என்ன செய்ய முடியும் என்பதையும் எழுத விரும்புகிறேன்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படாத காணி விற்பனை செல்லாது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டம் நாம் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. உறுதியின் கடைசியில் நாம் எழுதும் அத்தாட்சியில், விலைப் பணம் என் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதைக் குறிப்பிட வேண்டும். கவனித்துப் பாருங்கள்: பணம் கைமாறியதை நாம் பதிவு செய்கிறோம்; பணத்தை வைத்திருந்து காப்பதை நம்மிடம் அந்தச் சட்டம் கேட்கவில்லை. "பணம் என் முன்னிலையில் கொடுக்கப்படவில்லை, முன்னரே பெற்றுக்கொண்டதாக விற்பவர் ஏற்றுக்கொண்டார்" என்ற வாக்கியத்தை நீங்களே பலமுறை தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை வழக்குகள் இருக்கின்றன என்பதை நீதிமன்றம் செல்பவர்கள் அறிவார்கள்.

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதனினும் முக்கியமானது. முதலில் எழுதிய உறுதி பதியப்படாமல் கிடக்க, அதே காணியைப் பின்னர் விலை கொடுத்து வாங்கியவர் தன் உறுதியை முதலில் பதிந்துவிட்டால், முன்னவரின் உறுதி பின்னவருக்கு எதிராக நிற்காது. ஒப்பமிட்ட மேசையில் பணம் விற்பவரிடம் போய்விடுகிறது. உறுதியோ பதிவகத்தில் இன்னும் ஏறவில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் சகோதரி, பதிவு முடியும் வரை பணத்தைத் தடுத்து வைக்கும் இடைவெளி இதுதான். நம் நாட்டில் அந்த இடைவெளியில் வாங்குபவர் தனியாக நிற்கிறார். அங்கே உள்ளதைப் போன்ற உரிமைக் காப்புறுதியும் இங்கே வழக்கத்தில் இல்லை.

ஆகவே, ஒப்பமிடும் நாளன்று காலையில் பதிவகத்தில் கடைசியாக ஒருமுறை தேடிப் பார்க்காமல் உறுதி எழுதக் கூடாது என்று என் அலுவலகத்தில் வலியுறுத்துகிறேன். ஃபோலியோவை, அதாவது அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. அன்றைக்கு வந்து சேர்ந்த ஆவணங்கள் இன்னும் ஃபோலியோவில் ஏறாமல் நாட்பதிவேட்டிலேயே இருக்கக்கூடும். இரண்டாம் பிரதிகளை அனுப்புவதற்கு 15ஆம் திகதி வரை காலம் இருக்கிறது என்பதற்காக, மூலப் பிரதியைப் பதிவுக்குக் கொடுப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. அடுத்த வேலை நாளே கொடுத்துவிட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் சம்மதித்தால், விலையில் ஒரு பகுதியைப் பதிவு முடியும் வரை தடுத்து வைக்க உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளலாம். இதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. ஆனால் யார் அந்தப் பணத்தை எந்த நிபந்தனையின் பேரில் வைத்திருக்கிறார், எப்போது விடுவிப்பார் என்பதை ஒரு குழந்தைக்கும் விளங்கும்படி எழுத வேண்டும். அப்படி எழுதத் தெரிந்த லிகிதர்கள் நம் பகுதியில் மிகக் குறைவு.

மலையகத்துக் காணிகளின் தன்மையையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியையும் கொடைப்பத்திரக் காணியையும் உரிய அரச சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. ஆனாலும் நகர எல்லைகளில் அவை சாதாரணத் தாளில் "விற்கப்பட்டு" வருகின்றன. தோட்டக் காணிகள் 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இலிருந்து பெரும்பாலும் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. லயத்து அறையில் தலைமுறைகளாக வாழ்ந்தவருக்கு அந்த அறைக்கே உறுதி கிடையாது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டத்தின் கீழ் குடியேறியவர்களிலும் உறுதி கையில் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு. இந்த மக்களில் ஒருவர் சேமநிதிப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய பணத்தையும் சேர்த்து நகரத்தில் பத்துப் பேர்ச் வாங்க வரும்போது, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட உறுதியில் பெருவிரல் அடையாளம் வைக்கிறார். அதைத் தமிழில் வாசித்து விளக்குவதற்கு அந்த அறையில் யாராவது இருக்க வேண்டும். நம் அலுவலகங்களில் பல வேளைகளில் அது லிகிதர்தான்.

மகளே, போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு வருமானம் வேண்டும் என்பதை நான் அறிவேன். நம் அலுவலகங்கள் கொடுக்கும் சம்பளம் போதாது என்பதையும் அறிவேன். ஆனால் இரவு வேலையோடு சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கலாம் என்று எண்ணி ஆண்டுகளைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கு ஒரு காலத்தை முதலில் குறித்துவிட்டு, அதற்கு ஏற்ப வேலையைத் தெரிவு செய்யுங்கள்.


நீலக்குறிஞ்சி (ஹற்றன்) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதுளை ஐயா சொன்ன 7ஆம் பிரிவின் விளக்கத்தை வாசித்த பின்னர், இந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் எழுதப்படவிருக்கும் அறுதி உறுதியொன்றுக்கு ஒப்பமிடும் நாள் காலையில் மீண்டும் தேடிப் பார்க்க அனுமதி கேட்டேன். எங்கள் ஐயா உடனே சம்மதித்தார்.

கொழும்பு வேலையை முற்றாக மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பணத்தோடு தொடர்புடைய கோப்புகளைவிட உரிமைத் தேடலிலும் பெயர் வேறுபாடுகளிலும் எனக்கு ஆர்வம் அதிகம். அந்தப் பிரிவில் மட்டும் சேர்க்கும்படி கேட்பது பொருத்தமாக இருக்குமா? ஓராண்டு மட்டும் வேலை செய்து, அந்த அனுபவத்தோடு மீண்டும் நொத்தாரிசு அலுவலகத்துக்குத் திரும்பினால் அதற்கு மதிப்பு இருக்குமா?


மகாவலிக்கரை (கண்டி) எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள். எங்கள் நிறுவனத்தில் உரிமைத் தேடல் தனிப் பிரிவாகவே இயங்குகிறது. அங்கே வேலையின் பெரும்பகுதி பழைய உறுதிகளை வாசித்து, உரிமையாளர் வரிசையை எழுதி, விடுவிக்கப்படாத ஈடுகளைக் குறிப்பது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோர மாநிலங்களின் கோப்புகளைச் செய்யும் குழுவாக இருந்தால் நேரமும் சற்று இலகுவாகும். நியூயோர்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. நேர்முகத்தில் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எந்த மாநிலங்களின் கோப்புகள், எந்தப் பிரிவு, பயிற்சிக் காலத்தில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டுமா. மூன்றாவது கேள்விக்கான பதில் பல ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. உறுதியை வாசிப்பதுபோல அதையும் வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள்.


ஊவா நொத்தாரிசு (பதுளை) எழுதியது:

திரும்பி வந்தால் மதிப்பு இருக்குமா என்று கேட்டீர்கள். நிபந்தனையோடு பணத்தைத் தடுத்து வைக்கும் உடன்படிக்கை ஒன்றைத் தமிழில் பிழையில்லாமல் வரைந்து, கணக்குக் கூற்றையும் இரு தரப்புக்கும் விளங்கும்படி தயாரிக்கத் தெரிந்த ஒருவரைப் பதுளையில் நான் நீண்ட காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பரீட்சைத் திகதியை முடிவு செய்ததும் இங்கே எழுதுங்கள். காணிச் சட்டத்தில் எதை முதலில் வாசிக்க வேண்டும் என்பதை அப்போது விரிவாகச் சொல்கிறேன்.